குளிர் தெரியாத எடிட்டர்

என் பெரியவளுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள். கீபோர்டு சத்தம் நின்றுவிடும், அவ்வளவுதான். வாரத்தில் மூன்று நாள் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்துதான் புரோகிராம் எழுதுகிறாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து நான் காய் நறுக்குவேன், துணி மடிப்பேன். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அந்தச் சத்தம் எப்போது ஓடும், எப்போது தயங்கும் என்பது மனப்பாடம். அன்றைக்குப் புதன்கிழமை. காலை பத்து மணிக்கு அது சட்டென்று நின்றது.

“என்னடி?”

“ஒண்ணுமில்லம்மா. திங்கக்கிழமையிலேர்ந்து எல்லாரும் ஒரே எடிட்டர்லதான் எழுதணுமாம். ஆர்டர் வந்திருக்கு.”

“அப்ப நீ வெச்சிருக்கிறது?”

“தூக்கிக் கடாசணும்.”

எடிட்டர் என்பது புரோகிராம் எழுதுகிறவர்களின் நோட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இவளுடையது வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து. அடித்தது அடித்தபடி நிற்கும், அடிக்காதது வராது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்திலிருந்து அதே நோட்டுதான், இருபத்து நாலு வருஷம். புதிதாக வந்திருப்பது விஷயம் தெரிந்த நோட்டு. எது கட்டளை, எது பெயர், எது எண் என்று அதற்குத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கலர் பூசும். பிராக்கெட்டைத் திறந்தால் தானே மூடும். பாதிச் சொல் அடிப்பதற்குள் மீதியை எடுத்துக் கொடுக்கும். சேவ் செய்தால் முழு ஃபைலையும் தன் இஷ்டத்துக்கு ஒழுங்குபடுத்தி வைக்கும். இந்தக் கடைசி வேலையை மறந்துவிடாதீர்கள். என் வயிற்றெரிச்சல் முழுக்க அதில்தான் இருக்கிறது.

அவள் பார்த்த வேலை மருந்துக் கிடங்குகளின் குளிர்பெட்டிகளுக்கானது. பெட்டிக்குள் குளிர் குறைந்தால் கிடங்குப் பொறுப்பாளரின் போனில் அலாரம் அடிக்க வேண்டும். எந்தப் பெட்டிக்கு எவ்வளவு குளிர் என்று ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தாள். இருநூற்றுப் பத்துப் பெட்டி, இருநூற்றுப் பத்து வரி. ஒவ்வொரு வரியிலும் பெட்டியின் பெயர், கீழ் எல்லை, மேல் எல்லை, எத்தனை நிமிஷம் பொறுக்கலாம் என்கிற கணக்கு. இந்தப் பட்டியலைப் பதினோரு வருஷமாக ஸ்பேஸ் தட்டித் தட்டி நேர்ப்பத்தியாக அடுக்கி வைத்திருந்தாள். மைனஸ் குறிக்கென்று தனியாக இடம் விட்டிருந்தாள். உறைய வைக்கிற ஃப்ரீசர்கள் எல்லாம் ஒரே இடத்தில் வரும். அவற்றின் மைனஸ்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தையல் போட்ட மாதிரி இறங்கும். ஒன்று விட்டுப்போனால் பல் விழுந்த வாய் மாதிரி இளிக்கும். தினமும் காலையில் மேலிருந்து கீழே ஒரு தடவை கண்ணை ஓட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள். படிப்பதுகூட இல்லை. சும்மா ஒரு பார்வை. வீட்டைப் பூட்டிவிட்டுக் கதவை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறோமே, அந்த மாதிரி.

அன்றைக்கே மேலாளரைக் கூப்பிட்டாள். அவர் இவளைவிடப் பத்து வயது சின்னவர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். காதை மட்டும் எங்கேயோ கழற்றி வைத்துவிட்டு வேலைக்கு வருகிறவர். ஸ்பீக்கரில் போட்டுப் பேசியதால் எனக்கும் கேட்டது.

“சார், பட்டியல் இருக்கிற ஃபைலை மட்டும் அது தொடாம விட்டுடுங்க. மேல ஒரு வரி எழுதினாப் போதும், ஒதுங்கிக்கும்.”

“உங்களுக்கு விட்டா நாளைக்கு ஆளுக்கொரு ஃபைலைத் தூக்கிட்டு வருவாங்க மேடம்.”

“எல்லாருடையதும் மருந்துப் பெட்டி இல்லையே சார்.”

“தப்பைப் பிடிக்கத்தானே புது எடிட்டரே வாங்கியிருக்கோம். உங்க அனுபவத்துக்கு ஒரு வாரத்துல பழகிடும்.”

அனுபவம் என்று அவர் சொன்ன விதம் இருக்கிறதே, வயசாகிவிட்டது என்பதை அதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

வீட்டிலும் ஆதரவு இல்லை. மாப்பிள்ளை டவுன் பஸ் ஓட்டுகிறவர். சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

“புது பஸ்ல கியர் தானா விழுது. முதல் நாள் என் இடது கால் கிளட்சைத் தேடிட்டே இருந்துச்சு. அதுக்காக நான் அழுதேனா?”

“உங்க பஸ் தானா ரூட்டை மாத்துதா?”

“இல்ல.”

“ஏறினவங்களை எல்லாம் எழுப்பி, உயரத்துக்குத் தகுந்த மாதிரி உக்கார வெக்குதா?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “வெச்சா நல்லாத்தான் இருக்கும்,” என்றார். பெரியவள் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் புதிதாக ஒரு ஃப்ரீசர் வந்திருப்பதாகத் தகவல் வந்தது. பட்டியலில் ஒரு வரி சேர்த்தாள். மற்ற வேலையோடு திங்கட்கிழமை சேர்த்து அனுப்பலாம் என்று தன் கணினியிலேயே பதிந்து வைத்துவிட்டு மூடினாள். மூடினாள் என்றா சொன்னேன், அறைந்தாள். தண்ணீர் டம்ளர் ஆடியது.

திங்கட்கிழமை காலை புது எடிட்டரில் ஃபைலைத் திறந்தாள். மேலே எங்கேயோ ஒரு சொல்லைத் திருத்த வேண்டியிருந்தது. திருத்திவிட்டுப் பட்டியலுக்கு இறங்குவதற்குள், கைப்பழக்கத்தில் சேவ் பட்டனை அழுத்திவிட்டாள். சத்தம் நின்றது.

“அம்மா, இங்க வந்து பாரு.”

போய்ப் பார்த்தேன். திரை முழுக்கக் கலர். பத்தியைக் காணோம். அவள் விட்டு வைத்த இடைவெளியை எல்லாம் அது வீண் இடம் என்று நினைத்துத் துடைத்துவிட்டது. ஒவ்வொரு வரியும் தன் நீளத்துக்குச் சுருங்கி, ஒன்று முட்டிக்கொண்டும் ஒன்று பின்வாங்கியும் நின்றது. அவள் மறுபடி ஸ்பேஸ் தட்டி அடுக்கினாள். சேவ் செய்தாள். மறுபடி துடைத்தது. மூன்றாம் தடவையும் அப்படியே. மேலாளருக்கு எழுதிக் கேட்டாள். “விதிவிலக்கு இல்லை” என்று இரண்டே சொல்லில் பதில் வந்தது.

அவள் எழுதுவதை இன்னொருவர் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் வெளியே போகும். பார்க்கிறவர் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர். பதினைந்து வருஷ அனுபவம், இவளை அக்கா என்று கூப்பிடுவார். வழக்கமாக அவருடைய திரை ‘இந்த மூன்று வரி மாறியிருக்கிறது’ என்று காட்டும். அன்றைக்கு, சுருக்கித் தள்ளியதெல்லாம் மாற்றமாகி, ஃபைலில் இருந்த அறுநூற்று நாற்பது வரியும் மாறியதாகக் காட்டியது. எந்த மனுஷன் படிப்பான்? தலையாட்டி அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் விரலுக்கும் நோட்டுக்கும் சண்டை. இவள் பிராக்கெட் திறப்பாள், அது மூடும்; பழக்கத்தில் இவளும் மூடுவாள், இரண்டு நிற்கும். அடுத்த வரியைப் படிக்கப் பார்த்தால், அதன்மேல் ஒரு பெட்டி குதித்து ‘இதுவா வேணும், அதுவா வேணும்’ என்று கேட்கும். “பேசி முடிக்கிறதுக்குள்ள வாயில கை வெக்கிற மனுஷன் மாதிரிம்மா இது,” என்றாள். பக்கத்து மேசைக்காரர் ஒரு நாள் போனில் சமாதானம் சொன்னார்.

“எனக்கு அது இல்லாம ஒரு நாள் ஓடாதுக்கா. நாப்பது இடத்துல வர்ற பேரை ஒரே தட்டுல மாத்துது. நீங்க கையால மாத்தி ஒண்ணை விட்டுட்டுத் தேடினது மறந்துபோச்சா?”

“மறக்கல. அதை அது செய்யட்டும். நான் அடுக்கினதை எதுக்குக் கலைக்குது?”

“கலைக்கலக்கா, ஒழுங்கு பண்ணுது.”

“என் வீட்டு அலமாரியை நீ வந்து ஒழுங்கு பண்ணிட்டுப் போ. சாயந்திரம் உப்பு எங்கேன்னு உன்னையே கூப்பிட்டுக் கேக்கறேன்.”

ஐந்து வாரம் போனது. ஒரு திங்கட்கிழமை காலை கிடங்குப் பொறுப்பாளர் கூப்பிட்டார். அந்தப் புது ஃப்ரீசர் சனிக்கிழமையே நின்றுபோயிருக்கிறது. திறந்தபோது உள்ளே ஒன்பது டிகிரி. நாலாயிரம் தடுப்பூசி மருந்து குப்பை. வரிசையில் நின்ற தாய்மார்களை, “மருந்து வந்ததும் சொல்றோம்” என்று பிள்ளைகளோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அலாரம் அடிக்கவே இல்லை.

பெரியவள் அந்த வரியைத் தேடி எடுத்தாள். கீழ் எல்லை மைனஸ் இருபத்தைந்து. மேல் எல்லை பதினைந்து. மைனஸ் பதினைந்து அல்ல, வெறும் பதினைந்து. பெட்டிக்குள் வெயில் அடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்காதே என்று அலாரத்துக்குச் சொல்லிவைத்த மாதிரி. எடிட்டர் அந்தப் பதினைந்துக்கும் அழகாக ஆரஞ்சு நிறம் பூசியிருந்தது. அது எண் என்று அதற்குத் தெரியும். குளிர் என்று தெரியாது.

அன்று மதியமே மேலாளர் ஒரு கடிதம் தயார் செய்து அனுப்பினார். ‘முழுக் கவனக்குறைவும் என்னுடையது’ என்று ஒரே வரி. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். குளிர்பெட்டி வேலையையும் ஒப்படைத்துவிட வேண்டும். ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டவர் யார் என்று பதிவு இருக்குமாம். அந்த ஃபைலில் அறுநூற்று நாற்பது வரிக்கும் இவள் பெயர்தான் இருந்தது.

“நான் சேவ் பண்ணப்போ எடிட்டர் எல்லா வரியையும் தொட்டது சார். அதனாலதான் எல்லாத்துலயும் என் பேரு. மைனஸை விடறவ நான் இல்ல.”

“அப்ப யாரு மேடம்?”

“தோண்டிப் பாத்துச் சொல்றேன்.”

பழைய பதிவு அடியில் இருக்குமாம். எடிட்டர் செய்த கலைப்பை ஒதுக்கிவிட்டு, அதற்கு முந்தைய கை யாருடையது என்று பார்க்கலாமாம். கட்டளைகளை அடித்தாள். எனக்கு அப்போது நல்ல ஆத்திரம். சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரித் துணி மடித்து மடித்துத்தான் இவளைப் படிக்க வைத்தேன். ஒருநாள்கூட யார் வேலையையும் தன் வேலை என்று சொன்னவள் இல்லை, தன் தப்பை அடுத்தவர் தலையில் கட்டியவளும் இல்லை. எவன் செய்த தப்புக்கோ இவள் பெயரா என்று நான் பொருமிக்கொண்டிருந்தேன். சத்தம் நின்றது. வெகுநேரம் நின்றது.

“யாருடி?”

“வெள்ளிக்கிழமை, நாலு அம்பது. பழைய எடிட்டர் இருந்த கடைசி நாள்.” திரையில் விரலை வைத்தாள். “நான்தாம்மா. என் எடிட்டர், நான் அடுக்கின பத்தி. ஓட்டை அப்படியே இளிச்சுட்டு நிக்குது. நான் பாக்கல.”

எனக்கு அந்தச் சாயந்திரம் ஞாபகம் வந்தது. கோபத்தில் அடித்துவிட்டு மூடியவள், ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

“திங்கக்கிழமை காலையில எப்பவும்போலப் பாத்திருப்பியே.”

“பாத்திருப்பேனா, தாண்டிப் போயிருப்பேனா, தெரியாது. அந்தப் பார்வையத்தான் புடுங்கிட்டாங்க. இனிமே அது யாருக்குமே தெரியாது.”

நான் அவளைத் திட்டினேன். சொல்லாமல் மறைக்க எனக்கு வராது. மேலாளர்மேல் கோபம் என்றால் அவர்மேல் காட்டு, நாலாயிரம் பிள்ளைகளின் மருந்து உனக்கு என்ன செய்தது என்று கேட்டேன். அவள் உட்கார்ந்து கடிதத்தை மாற்றி எழுதினாள். முதல் வரி: வெள்ளிக்கிழமை நான் மைனஸை விட்டேன். இரண்டாம் வரி: திங்கட்கிழமை, வேண்டாம் என்று கேட்டும், எடிட்டர் பத்தியைக் கலைக்க விடப்பட்டது, அதனால் ஓட்டை கண்ணுக்கு மறைந்தது. இரண்டும் இருந்தால் கையெழுத்து, இல்லாவிட்டால் இல்லை என்று அனுப்பிவிட்டாள்.

வியாழக்கிழமை கணினித் திரையில் கட்டம் கட்டமாக முகங்களோடு கூட்டம். மேலாளர் ஒரு கட்டத்தில், பக்கத்து மேசைக்காரர் ஒரு கட்டத்தில், கிடங்குப் பொறுப்பாளர் ஒரு கட்டத்தில். பொறுப்பாளர் அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணாடி, கொண்டை, நாலு நாள் தூங்காத முகம்.

“முதல் வரி போதும்,” என்றார் மேலாளர். “தப்பு தன்னுதுன்னு மேடமே ஒத்துக்கிட்டாங்க. ரெண்டாவது வரி வெறும் சாக்கு. எடிட்டரை உலகமே உபயோகிக்குது.”

“உலகத்தோட ஃப்ரீசரை நான் பாத்துக்கல சார்,” என்றாள் பெரியவள்.

“ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க,” என்றார் பொறுப்பாளர். “எனக்கு இந்தப் பத்தி, கலைச்சது எதுவும் புரியல. பட்டியலை ரெண்டு விதத்துலயும் அச்செடுக்கிற மாதிரி அனுப்புங்க. அந்த ஓட்டையை அடைச்சிட்டு, வேற எங்கயாவது தாளுக்கொரு மைனஸை எடுத்துட்டு அனுப்புங்க. எங்கேன்னு சொல்லாதீங்க.”

பெரியவள் அனுப்பினாள். அந்தம்மாள் இரண்டையும் அச்செடுத்து, முதலில் எடிட்டர் கலைத்த தாளை எடுத்தார். விரலை வைத்து இறங்கினார், ஏறினார். கடைசியில் ஒரு வரியைக் காட்டினார். அது தப்பான வரி. மேலாளர் தண்ணீர் குடித்தார். பிறகு பத்தியாக அடுக்கிய தாள். அதைத் திருப்பி மேசையில் வைப்பதற்குள் விரல் இறங்கிவிட்டது.

“இதோ, இது.”

“அதுதான் மேடம்,” என்றாள் பெரியவள். அவள் முகத்தில் ஜெயித்த களை. எனக்கும்தான். அடுத்த நொடி அது போனது.

“இவ்வளவு தெளிவா ஒரு தாள் இருக்கு,” என்றார் அந்தம்மாள். குரல் உயரவில்லை, ஆனால் கொதித்தது. “பதினோரு வருஷத்துல ஒரு தடவைகூட ஏம்மா எனக்குக் காட்டல?”

“அது உள்ள இருக்கிற ஃபைல் மேடம். எங்களுக்கு மட்டும்…”

“பெட்டி யாரோடது? மருந்து யாரோடது? பெட்டி வந்து இறங்கின அன்னிக்கே இந்தத் தாள் என் கையில இருந்திருந்தா, அது என்ன எடிட்டரோ, அது கலைச்சாலும் எனக்கென்ன? நீங்க ஒருத்தி பாத்தாப் போதும்னு நினைச்சீங்க. அவர், மெஷின் ஒண்ணு பாத்தாப் போதும்னு நினைச்சாரு. நான் கதவைத் திறந்துதான் பாக்கவேண்டியிருந்துச்சு.”

பெரியவள் தலையைக் குனிந்துகொண்டாள். என் பெண்ணை என் கண்ணெதிரே ஒருத்தி அப்படிக் கேட்டது எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் குறுக்கே போக வாய் வரவில்லை. கேட்டதில் என்ன தப்பு?

மேலாளர் சந்தில் நுழையப் பார்த்தார். “அதைத்தான் நானும் சொல்றேன் மேடம், மனிதத் தவறு.”

“ஓட்டை அவங்களோடது. அதுமேல பாயைப் போட்டு மூடினது நீங்க. ஒரு வரியோட கடிதம் வந்தா வாங்கமாட்டேன், திருப்பி அனுப்பிடுவேன்.” அவருடைய கட்டம் அணைந்தது.

பெரியவள் கடிதத்தைத் திறந்து மூன்றாவதாக ஒரு வரி சேர்த்தாள். பதினோரு வருஷமாக இந்தப் பட்டியலை நான் பெட்டிக்காரர்களுக்குக் காட்டவில்லை. யாரும் கேட்காமலே எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். இரண்டாம் வரிக்கு மேலாளர் கையெழுத்துப் போட இரண்டு நாள் ஆனது. எறும்பு ஊர்ந்த மாதிரி, பொடிப்பொடியாகப் போட்டிருக்கிறாராம்.

உண்மை வந்தது, வேலை போனது. குளிர்பெட்டிகள் இப்போது பக்கத்து மேசைக்காரர் கையில். பட்டியல் ஃபைலின் தலையில், எடிட்டர் தொடக்கூடாது என்கிற அந்த ஒரு வரி ஏறிவிட்டது. வாராவாரம் பத்தி கலையாத தாள் கிடங்குக்குப் போகிறது. ஐந்து வாரத்துக்கு முன் செய்ய முடியாதது, நாலாயிரம் மருந்து கெட்ட பிறகு ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. மேலாளருக்கு இதனால் ஒரு குறையும் வரவில்லை. போன மாதம் நாற்காலி பெரிதாகியிருக்கிறது.

பெரியவளை ஊழியர்கள் விடுப்பு கேட்கிற படிவத்துக்கு மாற்றிவிட்டார்கள். புது எடிட்டரில்தான் எழுதுகிறாள். நேற்று ஒரு பெயரை முப்பத்தேழு இடத்தில் மாற்ற வேண்டியிருந்ததாம். ஒரே தட்டில் மாறியது.

“எப்படி இருக்கு?” என்று மாப்பிள்ளை கேட்டார்.

“நல்லா இருக்கு. அதுதான் எரிச்சலா இருக்கு.”

இன்றைக்குக் காலை பக்கத்து மேசைக்காரர் கூப்பிட்டார். இரண்டு புது ஃப்ரீசர் வருகிறதாம்.

“எல்லைய நீங்க சொல்லுங்கக்கா, நான் சேத்துடறேன்.”

அவள் பட்டியலைத் திறக்காமலே இரண்டுக்கும் சொன்னாள். மைனஸ், மைனஸ் என்று ஒவ்வொன்றையும் தனியாக அழுத்திச் சொன்னாள். போனை வைக்கப் போனவர், “வேற ஏதாவது இருக்காக்கா?” என்றார்.

“இப்ப யார்மேலயாவது கோபமா இருக்கியா?”

“இல்லயே, ஏன்?”

“அப்ப எழுது,” என்றாள்.